காட்டுக் கனியும் கூட்டுப் பொறுப்பும்

அமெரிக்க நாட்டின் வடமேற்கு மலைகளில் விளையும் ஹக்கிள்பெர்ரி என்னும் காட்டுக் கனியைப் பற்றி நம் பத்திரிகையில் எழுதுவானேன் என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். அப்புதரை விதைத்தவர் இல்லை, நீர் பாய்ச்சியவர் இல்லை, பறிப்பவரோ பலர். தனியொருவருக்கு உடைமையாகாத பண்டத்தைக் காக்கும் பொறுப்பு யாருடையது? இக்கேள்வி கூட்டுறவாளர் ஒவ்வொருவருக்கும் உரியது.

முதலில் புதரை அறிந்துகொள்வோம். வாஷிங்டன், ஐடஹோ, மாண்டானா மாநிலங்களில், 4,000 முதல் 6,000 அடி வரை உயர்ந்த சரிவுகளில் இது செழித்து வளர்கிறது. பெரும்பாலும் முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உயரம். இலைகள் மெல்லியவை, நுனி கூரியவை. ஓரத்தில் நுண்ணிய பற்கள் உண்டு. இலையுதிர் காலத்தில் அவை செந்நிறம் பெற்று உதிரும். பூ சிறு குடம்போல் தொங்கும். கனி கருநீலமாகவோ செங்கருமையாகவோ இருக்கும். புளூபெர்ரி கொத்தாகக் காய்க்க, இதுவோ இலைக்கணுவுக்கு ஒன்றாகக் காய்க்கும். இதுவே சிறந்த அடையாளம். நூலைத் தொட்டே அதன் நம்பரைச் சொல்லும் நம் நெசவாளர்க்கு இவ்வேறுபாடு ஒருமுறை பார்த்தாலே விளங்கும்.

பெயரை மட்டும் நம்புவது ஆபத்து. தோட்ட ஹக்கிள்பெர்ரி என்று விதை விற்பனையாளர் விற்பது நம் மணத்தக்காளிக்கு உறவான வேறொரு செடி. அதன் பழுக்காத காய் உண்ணத் தகாதது.

மலைப்புதரைத் தோட்டத்தில் வளர்க்க முடியாதா? ஐடஹோ பல்கலைக்கழகத்தார் பல ஆண்டுகள் முயன்றுள்ளனர். புளிப்புத் தன்மை மிக்க மண் வேண்டும். நாற்று மெல்ல வளரும். காய்ப்புக்கு வர ஆண்டுகள் பல செல்லும். காட்டிலிருந்து பெயர்த்து நட்டவை பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஆகவே இன்றும் சந்தைக்கு வரும் கனியில் பெரும்பகுதி மலையிலிருந்தே வருகிறது. அங்கேதான் வழக்கும் பிறக்கிறது.

யாக்கமா என்னும் பழங்குடி மக்கள் 1855ஆம் ஆண்டு உடன்படிக்கையில் தம் நிலத்தின் பெரும்பகுதியை இழந்தனர். ஆயினும் கிழங்கும் கனியும் திரட்டும் உரிமையை எழுத்தில் பெற்றனர். 1930களின் தொடக்கத்தில், பொருளாதார மந்தத்தால் வேலையிழந்தோர் ஆயிரக்கணக்கில் அம்மலைகளுக்குப் பறிக்க வந்தனர். 1932இல் யாக்கமா தலைவர் வில்லியம் யாலப்பும் வனத்துறை அதிகாரி ப்ருக்கார்ட்டும் கைகுலுக்கி, சாடூத் கனிவெளியில் ஒரு பகுதியைப் பழங்குடியினர்க்கென ஒதுக்கினர். ஆனால் இடையிடையே தீயிட்டு மரங்களை அகற்றிப் புதர்களுக்கு வெயில் தந்துவந்த பழைய வழக்கத்தை அரசு தடுத்தமையால், கனிவெளிகளை மரங்கள் மூடலாயின. வணிகப் பறிப்போரும் பெருகினர். யாக்கமா மக்கள் முறையிட்டு வந்த பின்னர், 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் கிஃபர்ட் பிஞ்சோட் தேசியக் காட்டில் வணிக அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது.

அந்நிறுத்தம் நியாயமானதென்பதே என் கருத்து. முதலில் எழுதிக்கொடுத்த உரிமைக்கே முதலிடம். இல்லையேல் எழுத்துக்கு மதிப்பேது? ஆயினும், கனி விற்றுப் பிழைப்பவரும் ஏழையரே என்பதை மறத்தலாகாது. ஏழையை ஏழைக்கு எதிரே நிறுத்திவிட்டு, வாங்கி விற்பவர் ஒதுங்கி நிற்பது நாம் அறியாத காட்சியன்று.

தடை மட்டும் புதரைக் காக்காது. பறிப்போர் சங்கமாகச் சேரட்டும். பழங்குடியினர்க்குரிய பங்கை முதலில் ஒதுக்கட்டும். எடையைப் பேரேட்டில் பதியட்டும். கிளையை முறிக்கும் வாரிகளை விலக்கிக் கையால் பறிக்கட்டும். தளர்ந்த வெளிக்கு ஓய்வு தரட்டும். இவற்றுள் ஒன்றையேனும் தனிமனிதன் செய்ய இயலாது. அவன் விட்டுவைத்த கனியை அடுத்தவன் பறித்துவிடுவான் என்ற அச்சம் அவன் கையை விரைவுபடுத்தும்.

சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் பணியில் நான் கண்ட உண்மை ஒன்றுண்டு. பொதுப்பொருள் பேராசையால் அழிவதைக் காட்டிலும், பிறர்மீது கொண்ட அவநம்பிக்கையால் அழிவதே மிகுதி. அந்த அவநம்பிக்கையை நீக்குவது ஒழுங்காக எழுதப்பட்ட பேரேடு. மலைச்சரிவாயினும் தறிக்கூடமாயினும் விதி ஒன்றே.