புள்ளி மறைந்தால் நோய் போயிற்றா?



உடவளவை, சந்திரிகா குளம் என்று நன்னீருக்குக் குறைவில்லாத ஊர் எம்பிலிப்பிட்டிய. பிள்ளைகளின் ஆசையோ கடலில் வாழும் கோமாளி மீன் மேல்! தொட்டியை வாங்கி வருவது வாப்பாவாக இருந்தாலும் அன்றாடம் அதைக் கவனிப்பது உம்மாதான். ஆகவே உப்புநீர் மீன்களுக்கு அடிக்கடி வரும் வெண்புள்ளி நோயைப் பற்றி நீங்கள் அறிந்திருப்பது நல்லது.

இந்நோய் கண்ட மீனின் உடலில் உப்புத் தூவியது போல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். மீன் கல்லில் உரசும், வேகமாக மூச்சு வாங்கும், இரையைத் தொடாது. சில நாட்களில் புள்ளிகள் தாமாகவே மறையும். சுகமாகிவிட்டது என்று நினைத்து விடாதீர்கள்.

அந்தப் புள்ளி, தோலுக்குள் வளரும் ஓர் ஒட்டுண்ணி. 3 முதல் 7 நாட்களில் அது மீனை விட்டு உதிர்ந்து, மணலிலும் கண்ணாடியிலும் ஒட்டிக் கூடு கட்டுகிறது. கூட்டுக்குள் பலவாகப் பெருகி, வெளியே வந்து மீண்டும் மீனைத் தேடுகிறது. மீன் கிடைக்காவிட்டால் ஓரிரு நாளில் இறந்துவிடும்.

இதை அறிந்தால் மருந்தின்றியே வைத்தியம் செய்யலாம். புள்ளி இல்லாதவை உட்பட எல்லா மீன்களையும், புதிதாகக் கலந்த உப்புநீர் உள்ள வேறொரு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். காற்றுக்குழாய் போடுங்கள், இரையைக் குறையுங்கள். மூன்று நாள் முடியுமுன், கழுவி நன்றாகக் காயவைத்த இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பழைய நீரைக் கொட்டி விடுங்கள். முதல் மாற்றத்தையும் சேர்த்து, இப்படி நான்கு பாத்திரங்களில் பன்னிரண்டு நாட்கள் வைத்தால், கூடுகள் வெடிக்குமுன்னே மீன்கள் தப்பிவிடும். பெரிய தொட்டியில் இரண்டரை மாதம் மீனே விடக்கூடாது. சில கூடுகள் அவ்வளவு காலம் தாங்கும்.

செம்பு மருந்தும் உண்டு. ஆனால் அளவு கூடினால் மீனே இறக்கும். இறாலும் பவளமும் தாங்கவே தாங்கா. தனித் தொட்டியில், செம்பின் அளவைத் தினமும் சோதித்தே பாவிக்க வேண்டும்.

புள்ளிகள் மாவு போல் மிக நுண்ணியதாக இருந்தால் அது வேறு நோய்; சில நாட்களிலேயே கொல்லும். பாத்திரம் மாற்றும் முறையை நம்பாமல் உடனே விவரம் அறிந்தவரிடம் கேளுங்கள்.

வருமுன் காப்பதே மேல். புதிதாக வாங்கும் மீனை ஒரு மாதமாவது தனியே வைத்துப் பாருங்கள். அதற்கென்று தனி வலை, தனி வாளி இருக்கட்டும். சமையல் உப்பைக் கரைத்துக் கடல்நீர் ஆக்கப் பார்க்காதீர்கள். ஹம்பாந்தோட்டை உப்பு கறிக்கு நல்லது. ஆனால் கடல்நீரில் உள்ள மக்னீசியமும் கல்சியமும் அதில் போதிய அளவு இல்லை. மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்பையே வாங்குங்கள்.

பரந்த கடலில் இந்த ஒட்டுண்ணி சிதறிப் போகும். நான்கு கண்ணாடிச் சுவருக்குள் மீனுக்குத் தப்பி ஓட இடமில்லை. நம் கையில் வந்த அந்தச் சிற்றுயிரும் அமானிதமே. ஒரு மாதப் பொறுமை இல்லாதவர்கள், பிள்ளை எவ்வளவு அழுதாலும், மீன் வாங்காமல் இருப்பதே நல்லது.