நூற்றேழு ஆண்டு வாழ்ந்த ஆசிரியை

அயலார் ஒருவர் ஒரு நாட்டுக்கு உரியவராவது எப்போது? அங்கே பிறந்துவிட்டால் போதுமா? குடியுரிமைச் சீட்டு வேண்டுமா? அரசாங்கம் மெச்சினால் உரியவர், சந்தேகித்தால் அந்நியர் என்று கொள்வதா? இக்கேள்விகளுக்குத் தமது வாழ்க்கையாலேயே விடை சொல்லிச் சென்றவர் இசபெல் குரூக் அம்மையார். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் தேதி பெய்ஜிங் நகரில் அவர் காலமானபோது வயது 107.

கனடா தேசத்துக் கிறிஸ்துவ ஊழியர்களின் புதல்வியாக, மேற்குச் சீனாவின் செங்டு நகரில் 1915 டிசம்பர் 15ஆம் தேதி பிறந்தவர் அவர். ஆயினும் அந்நாளில் ஊழியர்களின் குழந்தைகள் வளர்ந்த உலகம் வேறு. சீனக் குடியானவனின் உலகம் வேறு. அந்த இரண்டாவது உலகத்தை அம்மையார் பிற்பாடு தாமே தேடிச் சென்றார். டொராண்டோ பல்கலைக் கழகத்தில் படித்துத் திரும்பியவர், 1940ஆம் ஆண்டு, யூ ஸிஜி என்ற சீனப் பெண்மணியுடன் சுங்கிங் நகருக்கு அருகே ஸிங்லாங்சாங் என்னும் சந்தைக் கிராமத்தில் குடியேறினார். ஜப்பானியருடன் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. பெண்கள் இருவரும் சுமார் 1,500 குடும்பங்களைப் பற்றி வீடு வீடாக விசாரித்து, நிலம் எவ்வளவு, கடன் எவ்வளவு, கல்யாணம் எப்படி, வழக்கு எப்படி என்று குறிப்பெடுத்தார்கள்.

1942இல் லண்டன் சென்று டேவிட் குரூக் என்பவரை மணந்தார். ஸ்பெயின் யுத்தத்தில் குடியரசின் பக்கம் நின்று போராடிய ஆங்கிலேயர் அவர், பொதுவுடைமைவாதி. 1947இல் தம்பதியர் சீனாவுக்கு வந்து, வடக்கே ஷிலிடியன் கிராமத்தில் நிலச் சீர்திருத்தம் நடந்த விதத்தை ஆராய்ந்தனர். ஆராய்ச்சி முடிந்ததும் திரும்பிவிடுவதே எண்ணம். ஆனால் புதிய ஆட்சிக்கு உலகத்தோடு பேசத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். 1948இல் ஒரு சிறு கிராமப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்க இருவரையும் அழைத்தனர். அந்தப் பள்ளிதான் பின்னாளில் பெய்ஜிங் அயல்மொழிப் பல்கலைக் கழகமாக வளர்ந்தது. மூன்று புதல்வர்களும் பெய்ஜிங்கில் பிறந்தார்கள். காலையில் வகுப்பு, மாலையில் பிள்ளைகள், இடையே நூலாராய்ச்சி என்று அம்மையாரின் நாட்கள் கழிந்தன. ஷிலிடியன் பற்றித் தம்பதியர் எழுதிய நூல் 1959இல் வெளிவந்தது. அது புதிய ஆட்சியின் பக்கம் சாய்ந்தது என்று குறை கூறுவோர் உண்டு. ஆயினும் அக்கிராமத்தை உடனிருந்து கண்டு எழுதிய நூல் என்ற மதிப்பு அதற்கு இன்றும் உண்டு.

சோதனை வந்தது கலாசாரப் புரட்சியின்போது. 1967இல் டேவிட் ஒற்றர் என்று சந்தேகிக்கப்பட்டுக் கைதானார். அவர் வெளியே வர 1973 ஆயிற்று. அம்மையாரையும் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே சுமார் மூன்று ஆண்டுகள் அடைத்து வைத்தனர். பிள்ளைகள் மூவரில் ஒருவருக்கும் அப்போது இருபது வயது நிரம்பவில்லை. எந்த நாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்களோ, அந்த நாடே பெற்ற பிள்ளைகளிடமிருந்து அவர்களைப் பிரித்தது. 1973 மார்ச்சு மாதத்தில் பிரதமர் சூ என்லாய், அவ்வாறு துன்புற்ற அயல்நாட்டாரிடம் வருத்தம் தெரிவித்தார்.

வேறு யாராயிருந்தாலும் அன்றே மூட்டை கட்டியிருப்பார்கள். கனடா நாட்டுக் குடியுரிமையை விடாதவர் அம்மையார், போவதற்குத் தடையில்லை. அவரோ மீண்டும் வகுப்புக்குத் திரும்பினார். 1981இல் ஓய்வு பெறும் வரையில் கற்பித்தார். இதை அடிமைப் புத்தி என்று தள்ளிவிட முடியாது. 1989இல் தியானன்மென் சதுக்கத்து மாணவர்கள் மீது படை ஏவப்பட்டதைத் தம்பதியர் ஏற்கவில்லை. அரசாங்கம் வேறு, ஜனங்கள் வேறு என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது.

ஓய்வு பெற்ற பின்னும் அம்மையார் ஓயவில்லை. இளமையில் ஸிங்லாங்சாங்கில் எடுத்த குறிப்புகளை மறுபடியும் விரித்தார். 2000ஆம் ஆண்டு கணவர் மறைந்தார், வேலை நிற்கவில்லை. யூ ஸிஜியின் பெயரையும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கிறிஸ்டினா கில்மார்ட்டினின் பெயரையும் தம் பெயரோடு தாங்கி அந்நூல் வெளிவந்தது 2013இல். இருபத்தைந்து வயதில் எடுத்த குறிப்புகள், தொண்ணூற்றேழு வயதில் புத்தகமாயின! இடையில் எத்தனை ஆட்சி, எத்தனை கொள்கை, எத்தனை கோஷம் வந்து போயின! குடியானவனின் கடனையும் வழக்கையும் கண்டபடி எழுதிய ஏடு மாத்திரம் அழியாமல் நின்றது.

2019இல் சீன அரசாங்கம் தன் நட்புப் பதக்கத்தை அவருக்கு அளித்தது. அப்போது வயது 103. அடைத்து வைத்த அதே அரசாங்கம் பதக்கமும் சூட்டியது. இரண்டுக்கும் இடையே மாறியது அரசாங்கத்தின் பார்வையே தவிர, ஆசிரியையின் தொழில் அல்ல.

மொழி கற்பிக்கும் அயலாரைச் சந்தேகிப்பது எந்த நாட்டிலும் சுலபம். அவர்கள் இரண்டு உலகத்தை அறிந்தவர்கள். இரு பக்கமும் கடிதம் எழுதுகிறவர்கள். ஆனால் எந்த வழியாக ஒரு நாடு உலகத்தோடு பேசுகிறதோ, அந்த வழியை அடைத்துக்கொள்வதால் நஷ்டம் அந்த நாட்டுக்கே. பின்னால் கேட்கும் மன்னிப்பு, இழந்த ஆண்டுகளை எந்தத் தாய்க்கும் மீட்டுக் கொடுக்காது.

பிறப்போ, சீட்டோ, பதக்கமோ ஒருவரை ஒரு மண்ணுக்கு உரியவராக்குவதில்லை. அங்குள்ள பிள்ளைகளுக்காகத் தினந்தோறும் செய்யும் வேலையே உரியவராக்குகிறது. இசபெல் குரூக் அம்மையாரின் நூற்றேழு ஆண்டு வாழ்வு அறிவிக்கும் செய்தி இதுவே.