போட்டோ மட்டும் போட்டா போதுமா சாமி?

முதல்லயே சொல்லிடறேன். இந்தப் பதிவுல போட்டோ கிடையாது. பனிமலை, நீல ஏரி, அதுக்கு முன்னாடி கையை விரிச்சு நிக்கிற நான்னு எதிர்பார்த்து வந்தவங்க இப்பவே அடுத்த பதிவுக்குத் தாவிடலாம் :-)

போன வாரம் ஆபீஸ்ல ஒரு தம்பி வந்தார். "அண்ணே, உங்க பழைய பதிவு படிச்சேன். சியரா நெவாடா, ஜூன் மாசம், பனி... சூப்பரா எழுதியிருந்தீங்க. நாங்களும் நாலு பேர் கெளம்பறோம்." என்னென்ன எடுத்துட்டுப் போறீங்கன்னு கேட்டேன். கேமரா பேரை மட்டும் டக்குனு சொன்னார். மத்ததுக்கெல்லாம் "பாத்துக்கலாம்ணே".

எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ஏன்னா அந்தப் பதிவுல நான் பாதி கதையை முழுங்கிட்டேன். இப்ப கக்கிடறேன்.

2011 ஜூன் கடைசி. அந்த வருஷம் பனி ஜாஸ்தி. யோசெமிட்டி மலைக்கு மேல போற டயோகா ரோட்டையே ஜூன் 18-ஆம் தேதிதான் திறந்தாங்க. நாங்க மூணு பேர், நாலு நாள் திட்டம். டுவாலமி மெடோஸ்ல ஆரம்பிச்சு, லயல் பள்ளத்தாக்கு வழியா, 3,370 மீட்டர் உயரத்துல இருக்கற டானஹ்யூ கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கணும். பெர்மிட் குடுத்த ரேஞ்சரம்மா "ஐஸ் கோடாலி இருக்கா? பயன்படுத்தத் தெரியுமா?"ன்னு கேட்டாங்க. தலையை ஒரு மாதிரியா ஆட்டிட்டு, சாப்பாடு வைக்கிற கரடி டப்பாவை வாடகைக்கு வாங்கிட்டு வந்துட்டோம். வெளிய வந்து "நாம என்ன மரமா வெட்டப் போறோம்"னு சிரிப்பு வேற.

முதல் நாள் பள்ளத்தாக்கு முழுக்க சமதரை. கொசுவைத் தவிர ஒரு குறையும் இல்ல. ரெண்டாம் நாள் ஆடி அசைஞ்சு பத்து மணிக்குக் கெளம்பினோம். மேல போகப் போக பாதையே பனிக்கு அடியில போயிடுச்சு. ஜூன் பனி நாம சினிமால பாக்கற பஞ்சுப் பனி இல்லீங்க. பகல்ல உருகி, ராத்திரி இறுகி, கிண்ணம் கிண்ணமா குழி விழுந்து கிடக்கும். மத்தியானம் ஆச்சுன்னா கால் வெச்ச இடமெல்லாம் தொடை வரைக்கும் உள்ள வாங்கும். ஒரு கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு.

சாயங்காலம் நாலு மணிக்கு ஆத்தைத் தாண்டற இடத்துக்கு வந்தோம். பாலம் இல்ல. நண்பன் இறங்கினான். மூட்டையோட இடுப்புப் பட்டையைக்கூட கழட்டி விடல. நடு ஆத்துல கால் வழுக்கி மூட்டையோட குப்புற விழுந்தான். தண்ணி கொஞ்ச தூரம் இழுத்துட்டுப் போய் ஒரு பாறையில சாத்திச்சு. அந்தப் பாறை இல்லைன்னா... வேணாம், எழுதக் கை வரல. கரைக்கு இழுத்துப் போட்டப்ப உதடு நீலமா இருந்துச்சு. உடம்புல நனைஞ்ச ஜீன்ஸ், நனைஞ்ச காட்டன் பனியன். நடுங்கிக்கிட்டே அவன் சொன்னது: "மாப்ள, ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்துட்டேன்டா. தாண்டிரலாம்."

தாண்டல. அங்கயே டென்ட் போட்டு, இருந்த காஞ்ச துணியெல்லாம் அவனுக்கே சுத்தினோம். காலைல அஞ்சரைக்குப் போய்ப் பார்த்தா அதே இடத்துல தண்ணி முழங்காலுக்குக் கீழ! மேட்டர் ரொம்ப சிம்பிள். பகல் வெயில்ல உருகற பனி மத்தியானத்துக்கு மேல ஆத்துக்கு வந்து சேருது. ராத்திரி உருகறது குறையறதால விடியக்காலைல தண்ணியும் குறையுது. இது தெரியாமத்தான் பத்து மணி வரைக்கும் தூங்கியிருக்கோம். ஆனா அந்தப் பக்கம் கணவாய்க்கு ஏறற சரிவு ராத்திரி இறுகி கண்ணாடி மாதிரி பளபளன்னு கிடந்துச்சு. ரேஞ்சரம்மா கேட்ட கோடாலி அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. திரும்பிட்டோம்.

வீட்டுக்கு வந்து நான் என்ன எழுதினேன்? "மறக்க முடியாத அனுபவம், அவசியம் போங்க." நாலு போட்டோ. "கலக்கல் தல"ன்னு பின்னூட்டம் குவிஞ்சுது. ஆத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. கேவலமா போயிடுமேன்னு பயம்.

அதே 2011 ஜூன் 29, அதே யோசெமிட்டி. ஹெட்ச் ஹெட்ச்சியில வாபமா அருவியோட நடைபாலத்துல ரெண்டு பேரைத் தண்ணி அடிச்சுட்டுப் போச்சு. 2017 கோடையில பசிபிக் க்ரெஸ்ட் டிரெயில்ல நடந்த ரெண்டு பெண்கள் இதே சியரா ஆறுகள்ல இறந்தாங்க. எல்லாமே உருகின பனித் தண்ணி. நாம போட்டோ எடுக்கற அதே பனிதான்.

இப்ப சக பதிவர்களே, உங்ககிட்டத்தான் கேக்கறேன். ஒரு மொக்கைப் படத்தைப் பார்த்தா மூணு பதிவு போட்டுக் கிழிக்கறோம். டூர் போயிட்டு வந்தா மட்டும் ஏன் எல்லாரும் சொர்க்கத்துக்குப் போயிட்டு வந்த மாதிரியே எழுதறோம்? "ஜூன்ல போலாம்"னு ஒரு வரி எழுதறீங்களே, எந்த வருஷத்து ஜூன்? டயோகா ரோடு 2015-ல மே 4-ஆம் தேதியே திறந்துடுச்சு. 2023-ல ஜூலை 22 ஆச்சு! ரெண்டுக்கும் நடுவுல பதினோரு வாரம். அந்த ஒரு வரியை நம்பி ஒருத்தர் பொண்டாட்டி புள்ளையோட போனா யார் பொறுப்பு?

"ஏன் சார் பயமுறுத்தறீங்க, இப்படி எழுதினா யாரும் வீட்டை விட்டே கெளம்ப மாட்டாங்க"ன்னு சிலர் சொல்வீங்க. நான் போகாதீங்கன்னா சொன்னேன்? அந்த மலை மேல எனக்கு இன்னும் கிறுக்குதான். பனி குறைஞ்ச வருஷத்துல போங்க, இல்ல ஆகஸ்ட்ல போங்க. ஜூன்லதான் போவேன்னா கோடாலியைப் பிடிக்கக் கத்துக்கிட்டு, விடியக்காலைல ஆத்தைத் தாண்டற மாதிரி திட்டம் போட்டு, திரும்பி வர ஒரு நாள் கூடுதல் சாப்பாட்டோட போங்க. போயிட்டு வந்து எழுதறப்ப தேதி, பனி எங்க ஆரம்பிச்சுது, ஆத்தை எத்தனை மணிக்குத் தாண்டினீங்க, எங்க திரும்பினீங்க, இதையும் எழுதுங்க. திரும்பி வந்தது கேவலம் இல்ல. அதை மறைச்சதுதான் கேவலம். நான் பண்ணினது அது.

ஆபீஸ் தம்பிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். பயணத்தை ஆகஸ்டுக்கு மாத்தறதா சொல்லியிருக்கார். பழைய பதிவோட தலையிலயும் இந்தக் கதையைச் சேர்த்துட்டேன்.

பி.கு: போடறதுக்கு முன்னாடி நண்பனுக்குப் படிச்சுக் காட்டினேன். "எல்லாம் சரிடா, அந்த ஜீன்ஸ் மேட்டரை மட்டும் எடுத்துடு"ன்னான். எடுக்கல :-)