மருந்துக்கடைக்காரருக்கும் சர்க்கரை தெரியணும்!

ஒரகடம் கூட்டுரோடு. இரவு ஒன்பதரை மணி. நைட் ஷிஃப்ட் கம்பெனி பஸ் வருகிற நேரம். மருந்துக்கடையில் முப்பது வயதுகூட ஆகாத ஒருவர் சீட்டை நீட்டுகிறார்.

"அண்ணே, இந்த சுகர் மாத்திரையைக் காலை டிபனுக்கு முன்னாடி போடச் சொன்னாங்க. இந்த வாரம் எனக்கு நைட். காலையில வந்ததும் சாப்பிடாம படுத்துடுவேன். எப்போ போடுறது?"

கடைக்காரர் யோசித்தார். "டாக்டரையே கேட்டுக்கங்க தம்பி." பஸ் வந்தது, அவர் ஏறிப் போய்விட்டார்.

கடைக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாத நேர்மை அவருக்கு இருந்தது. ஆனால் கேட்ட கேள்வி சின்னக் கேள்வியா? கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் தூங்கினால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், மயக்கம்... இது மெஷின் பக்கத்தில் நிற்கும்போது வந்தால் என்ன ஆகும்?

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்கிறது. இத்தனை பேருக்கும் உட்கார்ந்து விளக்க டாக்டருக்கு நேரம் ஏது? மாதாமாதம் தவறாமல் நோயாளியின் முகத்தைப் பார்ப்பவர் மருந்துக்கடைக்காரர்தான். 'பார்மஸி' படிக்கும் பிள்ளைகளுக்குச் சர்க்கரை நோயில் தனிப் பயிற்சி தரவேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

"இது என்ன புதுசா?" என்பீர்கள். இல்லை. ஆறு வருட 'பார்ம்.டி' படிப்பு 2008-லேயே வந்துவிட்டது. அதில் கடைசி வருடம் முழுக்க ஆஸ்பத்திரிப் பயிற்சி. மருந்து கொடுப்பவர் நோயாளிக்கு ஆலோசனையும் சொல்லவேண்டும் என்று 2015-ம் ஆண்டு விதிமுறையே இருக்கிறது. டிப்ளமா மாணவர்களுக்கும் 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி உண்டு. அதில் ஒரு பங்கை ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கமாகத் திருப்பிவிட்டால் என்ன?

அங்கே கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது! ஃபிரிட்ஜ் இல்லாத அறையில் நாலைந்து பேராகத் தங்கியிருப்பவர் இன்சுலினை எங்கே வைப்பார்? வெயிலில் நிற்கும் பைக் பெட்டியில் வைத்தால் மருந்து வீணாகிவிடும். ஃபிரீஸரில் உறைந்தாலும் போச்சு. ஒரே இடத்தில் ஊசி குத்தினால் கட்டி தட்டும். சர்க்கரை இறங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்து உடனே குடிக்கவேண்டும். காலில் புண் என்றால் ஆயின்ட்மென்ட் விற்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். இதையெல்லாம் புத்தகத்தில் படிப்பதைவிட, ஷூவைக் கழற்றிய காலைப் பார்த்துக் கற்பதே நிஜப் படிப்பு.

அமெரிக்காவில் ஆஷ்வில் என்ற ஊரில் 1997-ல் இதைச் செய்து பார்த்தார்கள். பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள் நகர நிர்வாக ஊழியர்களை அடிக்கடி சந்தித்துப் பேசினார்கள். செலவை ஏற்றது வேலை கொடுத்தவர்கள். மருந்துச் செலவு கூடினாலும் மொத்த வைத்தியச் செலவு குறைந்தது, சர்க்கரையும் கட்டுக்குள் வந்தது. நம்ம ஊர் கம்பெனிகளும் கணக்குப் போட்டுப் பார்க்கலாமே!

"அப்போ கடைக்காரரே டாக்டர் ஆயிடுவாரா?" கூடவே கூடாது! மருந்தின் அளவை மாற்றுவது டாக்டரின் வேலை. ஆனால், "ஷிஃப்ட் மாறுது, சாப்பாடு தள்ளிப்போகுது" என்பதைக் கேட்டறிந்து, சீட்டெழுதிய டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டுச் சொல்லலாம் இல்லையா? அதற்குத் தேவை பயிற்சி, கொஞ்சம் பொறுமை, நோயாளியுடன் பேச ஓர் ஓரம்.

அதுவரை நீங்கள் சும்மா இருக்கவேண்டாம். அடுத்த முறை மாத்திரை வாங்கும்போது, "இதை எப்போ, எப்படிப் போடணும்?" என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான், பதில் சொல்லத் தெரிந்தவரைக் கல்லூரிகளும் உருவாக்கும். என்ன, நான் சொல்றது சரிதானே?