கோரை இருக்கும் பாத்தியில் நாற்று நடலாமா?

விதைக்கும் உரத்துக்கும் பூச்சி மருந்துக்கும் செலவிடத் தயங்காத நம் விவசாயப் பெருமக்கள், நடவுக்கு முன் மண்ணுக்குள் கிடக்கும் களைக்கிழங்கையும் வேரையும் அகற்ற ஒரு மாதம் ஒதுக்கத் தயங்குகிறார்கள். சின்ன வெங்காயம், கத்தரி, மிளகாய், தக்காளி என்று எதை நட்டாலும், சில தண்ணீர் பாய்ச்சுவதற்குள் பாத்தி முழுவதும் கோரை பச்சைப் பாய் விரித்தாற்போல் எழுந்து விடுகிறது. அப்புறம் வருமானத்தில் பெரும்பகுதி களைக்கூலிக்கே போகிறது. நடவுக்குப் பின் கோரையோடு மல்லுக்கட்டுவதைவிட, நடவுக்கு முன்பே அதன் கிழங்கை ஒழிப்பதுதான் சிறு விவசாயிக்குக் கட்டுபடியாகும் என்பது என் உறுதியான கருத்து.

உலகின் மிக மோசமான களைகளை வரிசைப்படுத்தி, லீராய் ஹோம் என்னும் அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் 1977-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அதில் முதலிடம் கோரைக்கு, இரண்டாமிடம் அருகம்புல்லுக்கு. இந்த இரண்டுமே நம் தோட்டக்கால் நிலங்களில் குடியிருக்கின்றன.

மண்ணுக்கடியில் நடப்பது என்ன?

கோரையின் உயிர் இலையில் இல்லை, கிழங்கில் இருக்கிறது. கிழங்குகள் மெல்லிய வேர்த்தண்டினால் மாலை கோத்தாற்போல் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். பெரும்பாலானவை மேல்மண்ணில் அரை அடி ஆழத்துக்குள்தான் கிடக்கும். மேலே உள்ள கிழங்கு முளைத்து நிற்கும்வரை, அதே மாலையில் உள்ள மற்றவற்றில் பல உறங்கிக் கிடக்கும். மாலை அறுந்ததும் அவை விழித்துக் கொள்ளும். அறுந்த ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாகும். முளைத்த சில வாரங்களுக்குள் அந்தச் செடி புதுக் கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும். அருகம்புல்லும் இப்படித்தான். கணுவோடு ஒரு துண்டு ஈரமண்ணில் கிடந்தால் போதும், வேர் பிடித்துவிடும்.

இதனால்தான், நடவுக்கு முதல் நாள் சுழல் கலப்பை ஓட்டிவிட்டு, “நிலம் காப்பிப் பொடி மாதிரி ஆகிவிட்டது” என்று மகிழ்வது தவறு என்கிறேன். கட்டி உடைக்கவும் பாத்தி சமன் செய்யவும் சுழல் கலப்பை நல்ல கருவிதான். ஆனால் கோரையும் அருகும் உள்ள ஈர நிலத்தில் அதை ஓட்டி உடனே தண்ணீர் கட்டினால், நாமே கிழங்கைப் பிரித்து, கணுவை நறுக்கி, வயல் முழுவதும் நட்டுவிட்டதற்குச் சமம்.

செய்ய வேண்டியது என்ன?

கோரைக்கிழங்குக்கு எமன் வெயில். ஈரம் வற்றிக் காய்ந்த கிழங்கு மறுபடி முளைக்காது. எனவே கோடையே இதற்குத் தகுந்த காலம். மாசி, பங்குனியில் பயிர் முடிந்ததும் பாசனத்தை நிறுத்த வேண்டும். கோடை மழையில் கிடைக்கும் பதத்தில், சட்டிக் கலப்பையாலோ நாட்டுக் கலப்பையாலோ மண்ணைப் புரட்டி வெயிலில் காயவிட வேண்டும். கட்டிக்குள் நிழலில் ஒளிந்த கிழங்கு சாகாது. ஆகவே 10 முதல் 15 நாள் இடைவெளியில், கொழுக்கலப்பையால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூன்று முறை உழ வேண்டும். கொழுவில் சிக்கி மேலே வரும் கிழங்கையும் அருகு வேரையும் பொறுக்கி, களத்திலோ பாறையிலோ நன்கு காயவைத்து எரித்துவிட வேண்டும். பச்சையாகக் குப்பைக்குழியில் போட்டால், அடுத்த ஆண்டு தொழு உரத்தோடு அது வயலுக்கே திரும்பி வரும்.

இத்தனைக்குப் பிறகும் மிஞ்சும் கிழங்குகளை ஏமாற்றி வெளியே வரவழைக்க வேண்டும். பாத்தி கட்டி, நாற்று நடாமல், தண்ணீர் மட்டும் பாய்ச்சுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் கோரை முளைத்து நிற்கும். இலையைச் செதுக்காமல், களைக்கொத்தால் கிழங்கோடு தோண்டி எடுங்கள். மறுபடி ஒரு தண்ணீர், மறுபடி ஒரு முறை தோண்டல். பிறகு மண்ணை ஆழமாகக் கிளறாமல் நடவு செய்யுங்கள். நட்ட 15-ஆம் நாளிலிருந்து, தலைகாட்டும் கோரையைப் புதுக் கிழங்கு வைக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். ஒரு கிழங்கில் பல முளைப்பருக்கள் இருப்பதால் ஒரு முறை எடுத்ததோடு அது அடங்காது. ஆனால் விடாமல் எடுக்க எடுக்க அதன் சேமிப்பு தீர்ந்துவிடும்.

கோரைக்கு நிழல் ஆகாது. நடவுக்கு முன் அவகாசம் இருப்பவர்கள் சணப்பையோ தக்கைப்பூண்டையோ நெருக்கமாக விதைத்து மடக்கி உழுதால், கோரையும் ஒடுங்கும், மண்ணும் வளம் பெறும். வெங்காயத்தின் இலை நிழல் தராது என்பதால், வெங்காயம் நடும் நிலத்தில் இருமடங்கு கவனம் தேவை.

களைக்கொல்லி போதாதா?

வெங்காயத்துக்குத் தெளிக்கும் பெண்டிமெத்தலின், விதையிலிருந்து முளைக்கும் களைகளைத்தான் தடுக்கும். கிழங்கிலிருந்து வரும் கோரையை அது ஒன்றும் செய்யாது. கிளைபோசேட் நம் நாட்டில் தேயிலைத் தோட்டங்களுக்கும் பயிரற்ற நிலங்களுக்கும் என்றே பதிவு செய்யப்பட்ட மருந்து. பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணிக்கு உரிமம் பெற்றவர்கள் மூலமன்றி அதை யாரும் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. பக்கத்து வயல்காரர் சொன்னார் என்று காய்கறிப் பாத்தியில் அதை ஊற்றுவது சரியல்ல. கறுப்பு நெகிழித்தாள் விரித்தாலும், ஊசி போன்ற கோரை முளை அதைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும்.

“அரை ஏக்கர் வைத்திருப்பவன் அதையும் சும்மா போட்டால் எதைச் சாப்பிடுவது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முழு நிலத்தையும் ஒரே கோடையில் முடிக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு 10 சென்ட், 15 சென்ட் என்று பிரித்துக்கொள்ளலாம். கோரை அதிகமுள்ள மூலையில் தொடங்குங்கள். அத்துடன் வரப்பையும் வாய்க்காலையும் சுத்தம் செய்யுங்கள். இல்லாவிட்டால் எடுத்த இடத்துக்கே அது திரும்பி வரும். வாடகை டிராக்டரின் கொழுவில் ஒட்டிவரும் மண்ணைத் தட்டிவிட்டு வயலில் இறக்கச் சொல்லுங்கள். நாற்றைத் தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் வளர்த்தால், நாற்றோடு கிழங்கு வர வழியில்லை.

செலவுக் கணக்கையும் நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு களைக்கு 12 ஆள் என்றால், மூன்று களைக்கு 36 ஆள் கூலி. இது ஒரு போகத்துக்கு மட்டும். அடுத்த போகத்துக்கும் இதே செலவு காத்திருக்கும். கோடையில் கூடுதலாக உழும் இரண்டு உழவையும், கிழங்கு பொறுக்கும் கூலியையும் இதோடு ஒப்பிட்டால் எது மிச்சம் என்பது விளங்கும்.

நில உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓராண்டுக் குத்தகைக்கு எடுத்தவர், அடுத்த ஆண்டு யாருக்கோ போகப்போகும் நிலத்தில் தம் கைக்காசைப் போட்டுக் கோரையை ஒழிப்பார் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். குத்தகையை மூன்றாண்டாக்குங்கள், அல்லது கோடை உழவுச் செலவில் பாதியை ஏற்றுக்கொள்ளுங்கள். சுத்தமாகும் நிலம் உங்களுடையதுதானே!

நடவுக்கு நாள் குறிக்கும் முன் மண்வெட்டியால் நாலு இடத்தில் அரை அடி ஆழம் வெட்டிப் பாருங்கள். கிழங்கு கண்ணில் பட்டால், நாற்று வாங்க அவசரப்பட வேண்டாம்.