நாட்டு வாழைன்னா எது சார்?

"பச்சைப்பழம் வேண்டாம்ப்பா, அது ஹைபிரிட். பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி குடுங்க, அதுதான் கலப்பில்லாத நாட்டு ரகம்." பட்டணத்துப் பழக்கடையில தினமும் கேக்குற பேச்சு இது. வாட்ஸப்புலயும் இதையேதான் சுத்த விடுறாங்க. காவிரிக்கரையில முப்பது வருஷமா வாழை வைக்கிறவன் சொல்றேன்: விஷயம் அப்படியே தலைகீழ்.

நாம சாப்பிடுற வாழைக்கு மூலம் ரெண்டு காட்டு இனங்கள். ஒண்ணு மூசா அக்குமினேட்டா, இன்னொண்ணு மூசா பால்பிசியானா. ரெண்டுலயும் பழம் பூரா கல்லு மாதிரி விதை. சுருக்கமா ஏ, பி-ன்னு வெச்சுக்குவோம். நீங்க ஒதுக்குற ரொபஸ்டா, ஜி9 ரெண்டும் ஏஏஏ. செவ்வாழையும் அப்படித்தான். பி-யோட கலப்பு துளிகூட இல்லை. நீங்க தேடி வாங்குற பூவன், ரஸ்தாளி, நேந்திரன் எல்லாம் ஏஏபி. கற்பூரவள்ளி, மொந்தன் ஏபிபி. ரெண்டு இனம் கலந்த அசல் ஹைபிரிட் இதுங்கதான்!

பயப்படாதீங்க. எந்தக் கம்பெனியும் கலக்கலை. இயற்கையாக் கலந்ததுல விதையில்லாததாப் பொறுக்கி, பக்கக்கன்றை எடுத்து நட்டு நட்டு நம்ம கைக்குக் கொடுத்தவங்க முன்னோர்கள்.

இந்தக் குழப்பம் பெரிய ஆளுங்களுக்கும் இருந்தது. லின்னேயஸ் 1753-ல மூசா பாரடைசியாகான்னு ஒரு இனத்துக்குப் பேர் வெச்சார். அது இனமே இல்லை, கலப்பு. 1955-ல சிம்மண்ட்ஸ், ஷெப்பர்டுன்னு ரெண்டு பேர் 15 அடையாளத்துக்கு மார்க் போட்டு, எது எவ்வளவு ஏ, எவ்வளவு பி-ன்னு பிரிச்சாங்க. அதுல சிலதை நீங்களே தோட்டத்துல பாக்கலாம். இலைக்காம்போட பள்ளம் திறந்திருந்தா ஏ பக்கம்; ஓரம் ரெண்டும் உள்ள மூடியிருந்தா பி பக்கம். பூமடல் விரிஞ்சதும் பின்னால சுருண்டா ஏ; தூக்கி நின்னு சுருளாம இருந்தா பி.

"ஜி9 டிஷ்யூ கல்ச்சர் ஆச்சே?"ம்பீங்க. டிஷ்யூ கல்ச்சர்ங்கறது ஒரே கன்றைப் பல கன்றாப் பெருக்குற வழி. அதுல கலப்புக்கு வேலையே இல்லை.

ஒரு வார்த்தைக்கு ஏன் இவ்வளவு கோபம்னு கேக்கலாம். "ஹைபிரிட்டை எங்க கஸ்டமர் தொட மாட்டாங்க"ன்னு சொல்லியே ஒரு கடைக்காரர் என் ரொபஸ்டா தாருக்கு விலையைக் குறைச்சார். ரஸ்தாளித் தோட்டம் வாடல் நோய்ல போனப்ப, அந்த வாடலைத் தாங்கி எங்களுக்குச் சோறு போட்டது பச்சைப்பழம்தான். அதை வெச்சவனை மண்ணுக்குத் துரோகம் பண்ணினவன் மாதிரி பாக்குறது என்ன நியாயம்?

பூவன் சாப்பிடுங்க, ரஸ்தாளி சாப்பிடுங்க. ருசிக்காகச் சாப்பிடுங்க, சுத்த ரத்தம்னு சாப்பிடாதீங்க. கடையில கேக்க வேண்டிய கேள்வி வேற இருக்கு: என்ன ரகம், எந்த ஊர்த் தார், கார்பைடு கல்லு வெச்சுப் பழுக்க வெச்சதா? கார்பைடுக்குச் சட்டப்படி தடை இருக்கு. அதைக் கேக்காம "நாட்டா, ஹைபிரிட்டா"ன்னு மட்டும் கேட்டா, கடைக்காரர் உங்களுக்குப் பிடிச்ச பதிலைச் சொல்லிட்டுப் போயிடுவார்.