இரட்டையர்க்கு இடும் பெயர்

இரட்டைப் பிள்ளைகள் பிறந்த வீட்டார், ஓசையின்பத்தில் மயங்கிக் கமலினி, விமலினி என்றும் சுரேசன், நரேசன் என்றும் பெயர் சூட்டிவிடுகின்றனர். தொட்டிலில் அது இனிக்கத்தான் செய்கிறது. வகுப்பிலே இடாப்பு வாசிக்கும் நமக்கோ, ஒரு பெயரைக் கூப்பிட்டால் இரண்டு 'உள்ளேன் ஐயா' கேட்கிறது!

முகம் ஒன்று, தந்தையின் முதலெழுத்தும் ஒன்று. நம் நாட்டின் 12 இலக்க அடையாள அட்டை எண்ணில் முதல் நான்கு பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று பிறந்த நாளையும் குறிப்பன. பெண்ணாயின் நாளுடன் 500 கூட்டப்படும். எனவே ஒரே நாளிற் பிறந்த சகோதரிகள் இருவர்க்கும் முதல் 7 இலக்கங்களும் ஒன்றே. பிரித்தறிய எஞ்சும் பெயரையும் ஒன்றுபோல் ஆக்கிவிட்டுப் பின்னர் சான்றிதழ் மாறிற்றென்று யாரை நோவது?

சோதிடர் தரும் எழுத்தும் இங்கே கைகொடாது. நட்சத்திர பாதம் ஏறத்தாழ 6 மணி நேரம் நிற்பதால், இருவர்க்கும் பெரும்பாலும் ஒரே எழுத்துத்தான் வரும். 'வ' வந்தால் வளர்மதி, வாசுகி எனலாம். வனஜா, வனிதா வேண்டாம்.

வான்மீகியின் உத்தர காண்டத்திலே தருப்பையின் மேற்பகுதியால் குசன், அடிப்பகுதியால் இலவன் எனப் பெயர் பெற்றனர். புல் ஒன்று, ஆயினும் கூப்பிட்டால் மயக்கமில்லை. இவ்வாறே பொருளால் உறவும் ஓசையால் விலகலும் அமைய, ஆணும் பெண்ணுமாயின் இளம்பரிதி, வெண்ணிலா என்று வைக்கலாம். பெண்கள் இருவராயின் முல்லை, குமுதினி. எதையும் முடிவு செய்யுமுன் அடுக்களையில் நின்று முற்றத்தை நோக்கி இரு பெயர்களையும் உரக்கக் கூவிப் பாருங்கள்.